தெரிந்தே செய்த பிழைகள்: கணினிச் சொற்களில் எழுத்து மாறிய கதை

கணினியில் நாம் அதிகம் அழுத்துகிற பொத்தான்களில் ஒன்று 'ஓகே'. அந்தச் சொல்லே வேண்டுமென்று செய்த எழுத்துப்பிழையில் பிறந்தது. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளர்களிடையே ஒரு வேடிக்கைப் பழக்கம் பரவியிருந்தது. ஒரு தொடரைத் தப்பும் தவறுமாக எழுதி, பிறகு அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துச் சுருக்கமாகப் போடுவார்கள். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்ற தொடர் ஆங்கிலத்தில் 'ஏ', 'சி' என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். அவர்கள் காதில் விழுகிறபடி 'ஓ', 'கே' என்று தொடங்கினார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அந்தச் சுருக்கம் அச்சேறியது. மறு ஆண்டு அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவர் பிறந்த ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அதே இரண்டு எழுத்துக்கு வேறொரு விரிவு சொல்லி நாடெங்கும் பரப்பினார்கள். கூடப் பிறந்த மற்ற வேடிக்கைச் சுருக்கங்கள் வழக்கொழிந்தன. இது மட்டும் நிலைத்தது. அலென் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் 1960களில் பழைய பத்திரிகைகளைத் துழாவி இந்த வரலாற்றை நிறுவினார்.

தருமபுரியில், தமிழ்வழியில் படித்துவிட்டுக் கணினி கற்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவன் நான். அவர்களுக்குக் கணக்கு பயமில்லை, தர்க்கம் பயமில்லை. ஸ்பெல்லிங்தான் பயம். ஒரு வார்த்தையைத் தட்டச்சு செய்துவிட்டு, சரியா என்று பக்கத்தில் இருப்பவரின் திரையை எட்டிப் பார்ப்பார்கள். கணினி உலகத்தின் அடிப்படைச் சொற்களில் கணிசமானவை தவறாக எழுதப்பட்டவை என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். சில தெரியாமல் நேர்ந்த தவறுகள். பெரும்பாலானவை தெரிந்தே செய்தவை. அப்படிச் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை என்ன என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தந்தக் காலத்துக் கணினி எப்படி இருந்தது, அதைச் சுற்றி யார் இருந்தார்கள், யாரிடமிருந்து எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

முதலில் பைட். ஐபிஎம் நிறுவனம் 'ஸ்ட்ரெட்ச்' என்ற பெருங்கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த 1956ஆம் ஆண்டு. அதற்குள் 'பிட்' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. ஜான் டூக்கி உருவாக்கி, கிளாட் ஷானன் 1948இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்ற சொல் அது. ஒன்று அல்லது சுழியம், இரண்டில் ஒன்று, அவ்வளவுதான் ஒரு பிட். பல பிட்டுகளைச் சேர்த்து ஒரே வாயாக எடுக்கும் தொகுதிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'கடி', 'ஒரு வாய்' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் வெர்னர் புக்கோல்ட்ஸ். ஆனால் அந்தச் சொல்லின் கடைசியில் உள்ள 'இ' எழுத்தை யாராவது மறந்து விட்டுவிட்டால் அது 'பிட்' ஆகிவிடும். பொறியியல் வரைபடத்தில் அப்படி ஓர் எழுத்து விழுந்தால் அளவே மாறிப்போகும். ஆகவே நடுவில் இருந்த 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'ஒய்' எழுத்தை வைத்தார். இனி 'இ' விழுந்தாலும் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். வேறு சொல்லாக மாறாது. ஒரு பிழையைத் தடுக்க இன்னொரு பிழையை முன்கூட்டியே செய்துவைத்தார் அவர். இத்தனை யோசித்துச் செய்த எழுத்துப்பிழை வேறு ஏதும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்தில் பைட்டுக்கு இத்தனை பிட் என்று கட்டாயம் இல்லை. 1964இல் ஐபிஎம் வெளியிட்ட சிஸ்டம்/360 கணினி வரிசைக்குப் பிறகே எட்டு பிட் என்பது வழக்காக உறுதிப்பட்டது. அதில் பாதியான நான்கு பிட்டுக்கு 'நிபிள்' என்று பெயர் வைத்தவர்கள், பைட்டுக்குத் துணையாக அதையும் சிலசமயம் 'ஒய்' போட்டே எழுதினார்கள்.

அடுத்த வகைப் பிழை கருவியின் நெருக்கடியில் வந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய காலத்தில், கணினியோடு பேசுவதற்குப் பெரும்பாலும் டெலிடைப் இயந்திரம்தான். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த மாடல் 33 டெலிடைப், வினாடிக்குப் பத்து எழுத்துகளைத் தாளில் அடிக்கும். விசைகளைப் பலமாக அழுத்த வேண்டும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் கட்டளைகளை முழுச் சொல்லாக வைத்துக்கொள்வார்களா? 'காப்பி' என்பது 'சி', 'பி' என்று இரண்டு எழுத்தானது. 'மூவ்' என்பது 'எம்', 'வி' ஆனது. அந்தக் காலத்து மென்பொருள் கருவிகள் பல, பெயர்களின் முதல் சில எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். 1989இல் சி என்ற நிரல்மொழிக்குத் தரநிலை வகுத்தபோதும்கூட, வெவ்வேறு கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்குத்தான் உறுதி கொடுத்தார்கள். உயிரெழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து எழுதும் வழக்கம் இப்படித்தான் நிரலாளர்களின் கையில் ஊறியது.

அந்த யூனிக்ஸில் புதிய கோப்பை உருவாக்கும் அழைப்புக்குப் பெயர் 'கிரியேட்'. அதன் கடைசி எழுத்தான 'இ' அங்கே இல்லை. இன்றைக்கு லினக்ஸிலும் இல்லை. எங்கள் வகுப்பில் பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் இந்தப் பெயரைப் புத்தகத்தில் பார்த்து, அச்சுப்பிழை என்று நினைத்து, 'இ' சேர்த்துத் தட்டச்சு செய்தார். ஆங்கிலப்படி அவர் செய்ததுதான் சரி. நிரலைத் தொகுத்தபோது, அந்தப் பெயரில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரையில் பிழைச்செய்தி வந்தது. அவர் முதலில் அரைப்புள்ளியைப் பார்த்தார். பிறகு அடைப்புக்குறிகளை எண்ணினார். பிறகு கைப்பேசியில் ஆங்கில அகராதியைத் திறந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். அகராதி அவர் பக்கம் இருந்தது, கணினி இல்லை. தான் எங்கோ தவறிவிட்டோம் என்று தன்னையே சந்தேகித்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், தவறு கென் தாம்சனுடையது என்று சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். யூனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று தாம்சனிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். கிரியேட்டை 'இ' போட்டு எழுதுவேன் என்பதுதான் அவருடைய பதில்.

இதைவிடப் பெரிய பிழை இணையத்தில் இருக்கிறது. ஓர் இணையப் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கி இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்று நம் உலாவி அந்தத் தளத்துக்குப் பொதுவாகத் தெரிவிக்கும். அந்தக் குறிப்புக்குப் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் நடுவில் 'ஆர்' எழுத்து இரட்டிக்க வேண்டும். பிலிப் ஹாலம்-பேக்கர் அதை முன்மொழிந்தபோது ஒற்றை 'ஆர்' மட்டுமே விழுந்தது. உலாவியும் தளமும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் 1.0 ஆவணம் 1996 மே மாதம் வெளியானபோது அதை அப்படியே ஏற்றது. யூனிக்ஸின் எழுத்துப்பிழை திருத்தியும் உதவவில்லை. ஒற்றை 'ஆர்' வடிவம், இரட்டை 'ஆர்' வடிவம் இரண்டுமே அதன் சொற்பட்டியலில் இல்லை. கவனிப்பதற்குள் உலகமெங்கும் சர்வர்கள் அந்தப் பிழையை நம்பி இயங்கத் தொடங்கிவிட்டன. இது தெரிந்து செய்ததல்ல. ஆனால் தெரிந்த பிறகும் திருத்தாமல் வைத்திருப்பது. பின்னால் வந்த 'ரெஃபரர்-பாலிசி' என்ற குறிப்பில் இரண்டு 'ஆர்' போட்டுச் சரியாக எழுதினார்கள். ஆகவே இணைய நிரலாளர் இன்றைக்கு ஒரே சொல்லின் சரியான வடிவத்தையும் தவறான வடிவத்தையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெரிய ஆய்வகத்தில் விழுந்த எழுத்துப்பிழை தரநிலையாகிவிடுகிறது. விண்ணப்பக் கடிதத்தில் ஓர் எழுத்து தவறியதற்காக ஓரங்கட்டப்பட்ட பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு வேண்டிய எல்லாத் திறமையும் அவர்களுக்கு இருந்தது. இந்த அநியாயம் எனக்கு ஆறவில்லை. எங்கள் ஊர்ப்பெயரையே தர்மபுரி என்றும் தருமபுரி என்றும் இரண்டு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் எல்லையில் ஓசூர் என்றும் ஒசூர் என்றும் ஹோசூர் என்றும் பலகைகள் தொங்குகின்றன. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்துவிட்டு, விமர்சனம் எழுந்ததும் அதே மாதத்திலேயே திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டல் என்பது அந்த அளவுக்கு நெகிழ்ச்சியுள்ள ஏற்பாடு. அதை அறிவின் அளவுகோலாக வைப்பது தவறு.

இனி ஒளிந்து விளையாடியவர்களின் கதை. இந்தப் பகுதிதான் மிகவும் சுவையானது.

1960களில் அமெரிக்கத் தொலைபேசி வலையமைப்பில் ஒரு பலவீனம் இருந்தது. நெடுந்தூர இணைப்பு ஒன்று காலியாக இருக்கிறது என்பதை 2,600 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியால் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொண்டன. பேச்சு போகும் அதே கம்பியில்தான் அந்த ஒலியும் போகும். அதே ஒலியை வெளியிலிருந்து எழுப்பினால் இயந்திரம் ஏமாறும்; கட்டணமில்லாமல் உலகின் எந்த மூலைக்கும் பேசலாம். பிறவியிலேயே பார்வையற்ற ஜோ எங்க்ரேஸியா என்ற சிறுவன் வாயால் சீட்டியடித்தே அந்த ஒலியை எழுப்பினான். தானியச் சிற்றுண்டிப் பெட்டியில் இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஊதலிலும் அதே ஒலி வரும் என்பதை வைத்துப் பேர் வாங்கினார் ஜான் டிரேப்பர். இவர்கள் தங்களைத் தொலைபேசிப் 'பிரீக்' என்று அழைத்துக்கொண்டார்கள். கிறுக்குப் பிடித்த ஆர்வலர் என்ற பொருளுடைய அந்தச் சொல் 'எஃப்' எழுத்தில் தொடங்க வேண்டும். இவர்கள் அந்த 'எஃப்' எழுத்தை எடுத்துவிட்டு, ஃபோன் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான 'பி', 'எச்' இரண்டையும் அங்கே வைத்தார்கள். ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. காதுக்குத் தெரியாது, எழுதிப் பார்த்தால் மட்டும் தெரியும். 1971 அக்டோபரில் 'எஸ்குயர்' இதழில் வந்த நீண்ட கட்டுரை இவர்களை ஊரறியச் செய்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் 'நீலப் பெட்டி' என்ற கருவியைச் செய்து விற்றார்கள். ஆப்பிள் நிறுவனம் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'பி', 'எச்' போடுவது அதன்பிறகு ஒரு முத்திரையாகிவிட்டது. நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று காட்ட ஓர் எழுத்து போதும்.

1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் கணினித் தகவல் பலகையை இயக்கினார்கள். தொலைபேசி வழியாக ஒருவர் மாற்றி ஒருவர் இணைந்து செய்தி எழுதலாம், கோப்புகளைப் பகிரலாம். 1980களில் இப்படிப்பட்ட பலகைகள் அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. சில பலகைகளில் பயனர்களுக்குத் தர வரிசை இருந்தது. உச்சியில் இருப்பவர் 'எலீட்', அதாவது மேற்குடி. அந்தச் சொல்லின் தலையை வெட்டி 'லீட்' ஆக்கினார்கள். பிறகு எழுத்துகளுக்குப் பதிலாக அவற்றைப் போலத் தோற்றமளிக்கும் எண்களை வைத்தார்கள்: 'எல்' எழுத்துக்கு 1, திருப்பிப் பார்த்தால் 'இ' போலிருக்கும் 3, 'டி' போலிருக்கும் 7. இப்படி 1337 என்ற எண்ணே ஒரு சொல்லானது. திருட்டு மென்பொருளைக் குறித்த சொல்லில் பன்மைக்குரிய 'எஸ்' எழுத்தை எடுத்துவிட்டு 'இசட்' போட்டார்கள். தடைசெய்த சொற்களைத் தேடும் வடிகட்டிகளை ஏய்க்கவே இந்த எழுத்துமுறை வந்தது என்பார்கள். அதோடு, புதிதாக வருபவர் உடனே படித்துவிடக் கூடாது என்ற ஆசையும் இருந்தது. 1998இல் ஹேக்கர் குழு ஒன்று வெளியிட்ட 'பேக் ஆரிஃபிஸ்' என்ற ஊடுருவல் மென்பொருள், கணினிக்குள் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாயில்களில் 31337ஆம் வாயிலில் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணை அதே முறையில் படித்தால் மறுபடியும் 'மேற்குடி' என்றுதான் வரும்.

எண்ணை எழுத்தாக்கும் இந்த வித்தை தமிழருக்குப் புதிதல்ல. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்கும். 'அடீ' என்று மரியாதையில்லாமல் விடுகதை போட்ட புலவருக்கு ஔவை கொடுத்த பதிலடி அது. அந்தப் புலவர் கம்பர் என்பது செவிவழிக் கதை. தமிழ் எண்ணில் எட்டின் வடிவம் ௮. அது 'அ' எழுத்தைப் போலவே இருக்கும். கால் என்ற பின்னத்தின் குறி 'வ'. எட்டையும் காலையும் சேர்த்து எழுதினால் 'அவ'. எனவே 'எட்டேகால் லட்சணமே' என்றால் 'அவலட்சணமே'. வசை சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்கும் எழுத்தும் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும். 1337 வேலை செய்வதும் இதே வழியில்தான். தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்ககால ஔவை வேறு, இந்தத் தனிப்பாடல் ஔவை காலத்தால் பிந்தியவர் என்பது அறிஞர்கள் கருத்து. அதியமான்கோட்டைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு இரண்டு பேருமே நெருக்கம்தான். ஒன்று ௧, க போலிருக்கும். இரண்டு ௨, உ போலிருக்கும். ஏழு ௭, எ போலிருக்கும். பத்து ௰, ய போலிருக்கும். இத்தனை வசதியுள்ள எழுத்துமுறையில் அந்த விளையாட்டு பிறக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

கிருஷ்ணகிரியில் இன்றும் அதைத் தெருவில் பார்க்கலாம். பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் கூடுகிற ஊர் என்பதால் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஸ்டிக்கர் கடையில் சிறிது நேரம் நின்றால் போதும். 8055 என்ற பதிவெண்ணுடன் ஒரு வண்டி வருகிறது. ஸ்டிக்கர் வெட்டுபவர் 8இன் இடப்பக்க வளைவுகளை நேர்க்கோடாக நிமிர்த்துகிறார். அது ஆங்கில 'பி' ஆகிறது. 0 அப்படியே 'ஓ'. இரண்டு 5களின் மேல்முனையைச் சற்று உருட்டி வளைக்கிறார். இரண்டும் 'எஸ்' ஆகின்றன. வண்டியின் பின்னால் இப்போது 'பாஸ்' என்று எழுதியிருக்கிறது. அவர் லீட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. கண்ணும் கையும் போதும். சட்டப்படி இது குற்றம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் எண்பலகையின் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. விபத்து நடந்து வண்டி நிற்காமல் போனால், பார்த்தவர் எண்ணைச் சொல்ல முடியாது. கேமராவாலும் படிக்க முடியாது. அந்தக் காரணத்தால் இந்த ஒரு விளையாட்டை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண்பலகை கட்டாயம் என்பதால் கத்தரிக்கு வேலை குறைந்து வருகிறது.

கைப்பேசி வந்தபோது நெருக்கடி வேறு உருவத்தில் வந்தது. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி போனது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே 70 குறியீடுகள்தான். அதிலும், 'தருமபுரி' என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியீடு. உகரமும் இகரமும் தனித்தனியாக எண்ணப்படும். இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தருமபுரிக்கு 24 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயருக்கு 10 பைட். பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவும் இல்லை, தமிழ் விசையும் இல்லை. ஆகவே ஒரு தலைமுறையே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியது. இடம் மிச்சப்படுத்த உயிரெழுத்துகளை உதிர்த்தது. யூனிக்ஸ் எழுதியவர்கள் டெலிடைப்பின் முன் உட்கார்ந்து செய்ததை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒற்றைக் கையால் செய்தார்கள். அதைச் சோம்பல் என்று திட்டிய ஆசிரியர்கள் உண்டு. அந்த 70 குறியீட்டுக் கணக்கு தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார்கள்.

வணிகம் இதற்குள் நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றுக்குப் பின் நூறு சுழியங்கள் கொண்ட எண்ணுக்குக் 'கூகோல்' என்று பெயர். 1997இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தங்கள் தேடுபொறிக்கு அதை வைக்க நினைத்து, இணைய முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது எழுத்து மாறித் தட்டச்சானது. அந்தப் பெயரே பிடித்துப்போய்க் கூகுள் ஆனது. 2004இல் வந்த ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம், கடைசி 'ஆர்' எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய 'இ' இல்லாமல் தன் பெயரை எழுதியது. சரியான எழுத்துக்கூட்டலில் முகவரி வேறொருவரிடம் இருந்ததுதான் காரணம். டிவிட்டரும் 2006இல் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லாமல் ஐந்தே எழுத்துகளோடு தொடங்கி, பின்னர் முழுப் பெயரை விலைகொடுத்து வாங்கியது. சரியாக எழுதிய சொற்களெல்லாம் விற்றுத் தீர்ந்த சந்தையில் தப்பாக எழுதிய சொல்லுக்குத்தான் இடம் கிடைத்தது.

கைதவறி விழுந்து கொடியாகிவிட்ட சொற்களும் உண்டு. 2013 டிசம்பர் 18 அன்று பிட்காயின் விலை சரிந்துகொண்டிருந்தபோது, 'விற்காமல் பிடித்து வைத்திருக்கிறேன்' என்று எழுத வந்த ஒருவர் 'எல்', 'டி' எழுத்துகளை இடம் மாற்றி எழுதினார். அந்த மாறிய வடிவமே இன்று கிரிப்டோ முதலீட்டாளர்களின் முழக்கம்.

இப்போது நம் கண்முன்னே நடப்பது, வடிகட்டிகளுக்குப் பயந்து எழுத்தைச் சிதைப்பது. தமிழ்க் காணொளிகளின் தலைப்புகளில் கொலை, தற்கொலை போன்ற சொற்களுக்கு நடுவே புள்ளியோ நட்சத்திரக் குறியோ வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சொல் இருந்தால் தளத்தின் நிரல் காணொளியை முடக்கிவிடும், விளம்பர வருமானம் போய்விடும் என்ற அச்சம். 1980களில் தகவல் பலகைகளில் நடந்தது அப்படியே திரும்பியிருக்கிறது. அன்று அதைச் செய்தவர்கள் விளையாட்டுக்காகவும் செய்தார்கள். இன்று செய்பவர்கள் பிழைப்புக்காகச் செய்கிறார்கள். ஒரு செய்தியாளர் கொலையைக் கொலை என்று எழுத முடியாத நிலை எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பிறந்த கடைசிப் பிள்ளை நம் சட்டைப்பைக்குள் கைவைக்கிறது. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் 'எஃப்' எழுத்துக்குப் பதில், தொலைபேசிப் பிரீக்குகளின் அதே 'பி', 'எச்' எழுத்துகளைப் போட்டு 'ஃபிஷிங்' என்ற சொல் 1990களின் நடுவில் உருவானது. அமெரிக்கா ஆன்லைன் சேவையின் வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லைப் பறிக்க நடந்த மோசடிகளுக்கு வைத்த பெயர் அது. சொல்லில் மட்டுமல்ல, தொழிலிலும் எழுத்து மாற்றம்தான் மூலதனம். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்' இருக்கும் இடத்தில் பேரெழுத்து 'ஐ' போடுவார்கள்; பல எழுத்துருக்களில் இரண்டும் வெறும் நேர்க்கோடு. 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி வைப்பார்கள். 'ஓ' இருக்கும் இடத்தில் சுழியம் வைப்பார்கள். 2017இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றும் ரஷ்ய வரிவடிவ எழுத்துகளை மட்டும் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை அச்சு அசலாக உருவாக்கிக் காட்டினார். அப்போதைய உலாவிகள் சில ஏமாந்தன.

ஆங்கிலத்தில் தயக்கத்தோடு படிப்பவர்களுக்கு இந்த மோசடியில் ஆபத்து அதிகம். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்தாலும், 'நமக்குத்தான் ஸ்பெல்லிங் தெரியவில்லை போலிருக்கிறது' என்று தங்கள் மேலேயே சந்தேகப்பட்டு இணைப்பைத் தொட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு முடங்கும், மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், பார்சல் காத்திருக்கிறது என்று வரும் செய்திகளின் முகவரியை எங்கள் வகுப்பில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கச் சொல்லித்தருகிறோம். 'எச்டிடிபிஎஸ்' என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படிக்க வேண்டும். அந்தக் கோட்டை ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் தளத்தின் உண்மையான உரிமையாளர் பெயர். வங்கியின் பெயர் அதற்கு முன்னாலோ, கோட்டுக்குப் பின்னாலோ எத்தனை முறை வந்தாலும் பொருளில்லை. இந்திய வங்கிகள் தங்கள் இணைய வங்கிச் சேவைத் தளங்களை 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் இணைப்பில், அந்த முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள பெயர் அப்படி முடியவில்லை என்றால் தொட வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்கோ கிளைக்கோ கேட்டுவிட்டு மேலே போகலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.